மூணாவது கல்

ஒரு ஊர்ல ஒரு செக்கு இருந்துச்சாம். எள்ளு ஆட்டுற செக்கு. கர்ர்ர்... கர்ர்ர்னு காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். காளைக்குப் பின்னாடியே ஒரு பொண்ணும் சுத்துவா. அவ பேரு அரியநாச்சி. செக்கு அவ அப்பா வெயிலுமுத்தோடது. ஊர்க் கோயில்ல எரியுற விளக்கு அத்தனைக்கும் அவர் ஆட்டின எண்ணெய்தான். கேக்குறியா? ம் சொல்லு. ஆங்.

செக்கைச் சுத்தினா மத்தவங்களுக்குத் தலை சுத்தும், அரியநாச்சிக்குக் கதை வரும். அவளுக்கு எழுத்தாணி பிடிக்கச் சொல்லிக் குடுத்தது யாருன்னு நெனைக்கிற? அவ அப்பாதான். எண்ணெய்க் கையால தொட்டா ஓலை வழுக்கும்னு, தினம் சாம்பல் போட்டுக் கையைத் தேய்ச்சுக் கழுவிட்டு வந்து உக்காந்து, அ, ஆன்னு கையைப் பிடிச்சு எழுத வச்சாரு. அப்புறம் அவ வளந்து, பதினேழு வயசுல ஒரு முழுக் கதையே எழுதி முடிச்சுட்டா.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. புதுசா யாரு கதை எழுதினாலும் கோயில் மண்டபத்துல ஊர் கூடியிருக்க வாசிக்கணும். எழுதினவங்க முன்னால ஒரு பலகை இருக்கும். கதையில தப்பு இருக்குன்னு தோணினா, யாரு வேணாலும் எந்திரிச்சு வந்து அந்தப் பலகையில டக்குனு ஒரு கல்லை வைக்கலாம். எழுதினவங்க பதில் சொல்லணும். பதில் சரின்னா, வச்சவரே கல்லை எடுத்துக்குவாரு. ஒரே ஒரு கல்லு மிஞ்சினாக்கூட அம்புட்டு ஓலையும் ஆத்துல போயிடும். மூணு வருஷ எழுத்து, பொளக்குனு தண்ணிக்குள்ள!

ம்?

அப்போ அரியநாச்சி வாசிக்க ஆரம்பிச்சா. மண்டபம் நெறைய கூட்டம். முன்வரிசையில அவ அப்பா, புதுத் துண்டு போட்டுக்கிட்டு, "என் மக, என் மக"ன்னு பக்கத்துல உக்காந்தவரை இடிச்சுக்கிட்டே இருக்காரு.

கதை என்னன்னா, ஏழு வருஷத்துக்கு முன்னாடி அதே ஊர்ல நடந்தது. ஒரு மத்தியானம். பேய்மழை. சோ...ன்னு கொட்டுது. ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்திடுச்சு. வெளியூர் உப்புக்காரர் ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு. ஒரு வீட்டுக் கதவைத் தட்டுறாரு. டொக். டொக். டொக். மழை இரைச்சல்ல அந்த வீட்டுக்காரன் காதுல விழல. திறக்கல. மழை விட்டதும் பாத்தா, உப்புக்காரர் வாய்க்கா ஓரத்துல கெடக்காரு, உசுரு இல்ல. மூட்டையில இருந்த உப்பு மொத்தமும் கரைஞ்சு போயிருந்துச்சு. யாரு வீடுன்னு ஊருக்குத் தெரியாது. கதையிலயும் அந்த வீட்டுக்காரன் பேரை அவ எழுதல.

அப்போ டக்! முதல் கல். வச்சது தாண்டவராயப் புலவர். அவருக்கு மீசையை விட நாக்கு நீளம்.

"என்ன பொண்ணு, காதுல விழலன்னே இருக்கட்டும், கதவு திறக்காதவனுக்கு ஒரு தண்டனையும் இல்லையே? நல்லா சாப்பிட்டு நல்லா வாழுறானே! கதைன்னா நீதி வேணாமா? அவன் தலையில ஒரு இடியைப் போடு."

அரியநாச்சி சொன்னா, "இடியைப் போடுறது சுலபம் ஐயா. ஆனா கேக்குறவங்க என்ன நெனைப்பாங்க? நம்ம தலையில இடி விழல, அப்போ நாம நல்லவங்கதான்னு வேட்டியை உதறிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க."

புலவர் மீசையைத் தடவினாரு. தடவிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் மெதுவா கல்லை எடுத்துக்கிட்டாரு.

அப்போ டக்! ரெண்டாவது கல். ஊர் நாட்டாமை.

"நம்ம ஊரு மானம் போகுது. வேற ஏதோ ஊர்ல நடந்துச்சுன்னு மாத்திடு. உனக்குப் பட்டுச்சேலை எடுத்துத் தாரேன்."

"வேற ஊருன்னு எழுதினா, அடப்பாவிங்களான்னு சொல்லிட்டு நாம நிம்மதியா தூங்கிடுவோம் ஐயா. அந்தத் தெருவுல பதினெட்டு வீடு. ஒரு கதவு திறக்கலன்னா மனுஷன் அடுத்த கதவுக்குப் போகமாட்டாரா?"

நாட்டாமை அவ முகத்தைப் பாக்காமலே கல்லை எடுத்துக்கிட்டாரு.

தூங்கிட்டியா? இல்லையே? ம்.

கதை முடியப் போகுது. அரியநாச்சிக்கு ஒரே பெருமை. புலவருக்கும் அசரல, நாட்டாமைக்கும் அசரல! ஓலையைக் கட்டப் போறா. அப்போ... டக்.

மூணாவது கல். நிமிந்து பாக்குறா. அவ அப்பா.

கட்டப் போன ஓலையை அப்படியே கீழ வச்சுட்டா. ஏன் தெரியுமா? அந்த வீடு அவங்க வீடு. அன்னிக்கு அவளுக்குப் பத்து வயசு. டொக் டொக்னு அவளுக்கும் கேட்டுச்சு. அப்பா முகத்தைப் பாத்தா. "மழை சத்தம் தாயி"ன்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசினதே இல்ல.

வெயிலுமுத்து ஊரைப் பாக்கல, மகளை மட்டும் பாத்தாரு. "நாச்சி, காதுல விழலன்னு எழுதியிருக்க. பொய். அவனுக்குக் கேட்டுச்சு. மூணு தடவையும் கேட்டுச்சு. திருவிழாவுக்கு ஆட்டின எண்ணெய், நாப்பது குடம் தரையில இருந்துச்சு. கதவைத் திறந்தா தண்ணி புகுந்துடும். சாமிக்குப் போற எண்ணெயாச்சேன்னு திறக்கல. அந்த வருஷம் இந்த விளக்கெல்லாம் எரிஞ்சது அந்த எண்ணெயிலதான். ஏழு வருஷமா மழை பேஞ்சா எனக்கு அந்தச் சத்தந்தான் கேக்குது. பதில் சொல்லு தாயி."

எண்ணெய்த் திரி மட்டும் சடசடன்னுச்சு.

அரியநாச்சி எந்திரிச்சு நின்னா. கண்ணு ரொம்பிப் போச்சு. "இந்தக் கல்லுக்கு என்கிட்ட பதில் இல்ல. புலவருக்காக மாத்தல, நாட்டாமைக்காக மாத்தல. என் அப்பாவுக்காக மாத்திட்டேன்."

அப்புறம் எழுத்தாணியை எடுத்தா. சர்ரக்! அந்த வரியை அடிச்சா. கீச் கீச்னு புது வரி எழுதினா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிச்சா: "தட்டினது கேட்டுச்சு. அவன் திறக்கல."

வெயிலுமுத்து கல்லை எடுத்தாரு. அழுகையோட நெஞ்சை நிமித்தி, கூட்டத்தைப் பாத்துச் சொன்னாரு, "என் மக."

அப்போ பின்னால இருந்து ஒரு குரல். நாட்டாமை. "எங்க வீட்டுக் கதவையும் தட்டினாரு" அப்படின்னாரு. அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் ஒரு கிழவி.

என்ன, வெயிலுமுத்தை ஊரு என்ன பண்ணுச்சா? தானும் கதவு திறக்காத ஊரு என்ன பண்ணும்? மறுநாள் காலையில வெயிலுமுத்து உப்புக்காரர் ஊருக்கு நடந்தே போனாரு. அந்த உப்புக்காரர் பொண்டாட்டி முன்னால நின்னு அதே வரியைச் சொன்னாரு. அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு ஓலையில இல்ல. அரியநாச்சி அங்க போகல, அதனால எழுதல. பாக்காததை எழுத மாட்டா அவ!

அந்த ஓலை ஆத்துக்குப் போகல. அன்னையில இருந்து அந்தத் தெருவுல மழைன்னா ஒரு வீடும் தாழ் போடாது. ஊரே பெருமையா சொல்லிக்கும், எங்க ஊருக் கதையில பொய் கிடையாதுன்னு.

இந்த ஊருக்கு வந்த பிறகும் நம்ம வீட்டுல மட்டும் மழை வந்தா வாசக்கதவை ஏன் திறந்து வைக்கிறோம், சாரல் அடிக்குதேன்னு கேட்டியே? இப்போ தெரியுதா நீ யாரு வீட்டுப் பொண்ணுன்னு?

ம்.

கதை நம்ம வாசல்ல வந்து நின்னுடுச்சு கண்ணு. கதவு திறந்தே இருக்கட்டும், நீ கண்ணை மட்டும் மூடிக்கோ.