அமைச்சர் கட்சியைப் பேசிய சீடர்

சண்டைக்காரர்கள் நீதிமன்றப் படி ஏறுமுன் சமரச மன்றத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அரசர் ஒரு சட்டம் போட்டிருந்தார். அதற்கு ஆயுள் ஐந்து வருஷம். அன்றோடு அது முடிகிறது. நீட்டிக்காவிட்டால் மறுநாள் மன்றத்துக்குப் பூட்டுதான்.

மன்றத்தை நடத்திய உமையாளிடம் சீடராக இருந்தார் நீலமேகம். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். முப்பது வருஷம் வழக்காடிப் பேர் வாங்கியவர். தான் ஜெயித்துக் கொடுத்த குடும்பங்கள் எல்லாம் தீராப் பகையில் கிடப்பதைப் பார்த்து மனம் வெறுத்து வந்தவர். மன்றம் மூடினால் பழைய பிழைப்புக்கே திரும்ப வேண்டும். அந்த நினைப்பே அவருக்குக் கசந்தது.

நீட்டிக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் அமைச்சர் வில்லவராயர்.

"அவர் வாயை அடைக்க நாற்பது வாதம் வைத்திருக்கிறேன், அம்மா" என்றார் நீலமேகம்.

"இருக்கட்டும். சபையில் முதலில் அமைச்சர் கட்சியைப் பேசுங்கள்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதா?"

"மன்றத்தின் வழக்கம் ஊருக்குத்தானா, நமக்கில்லையா?"

வழக்கம் இதுதான். எதிராளியின் குறையை, அவரே "ஆமாம், அதுதான்" என்று தலையாட்டும்வரை எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் தன் குறையைப் பேசலாம்.

அரசர் சபையில் நீலமேகம் அரைமனதாக எழுந்தார்.

"அமைச்சரின் பயம் நியாயமானது. பலசாலி எளியவனை மிரட்டி, சமாதானம் என்று கைநாட்டு வாங்கிவிடலாம். நீதிமன்றத்தில் நடப்பதை ஊரே பார்க்கிறது. மூடிய அறையில் நடப்பதை யார் பார்த்தார்?"

"ஆமாம், அதுதான்!" அமைச்சர் துள்ளி எழுந்தார். "மூன்று மாதமாக இதைத்தானே கத்துகிறேன்!"

"இனி எங்கள் குறையை நீங்கள் சொல்லுங்கள்" என்றார் உமையாள்.

வில்லவராயர் வேண்டாவெறுப்பாகத் தொடங்கினார். "வழக்கு முடியும், வன்மம் முடியாது. ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரே தெருவில் முகம் பார்க்காமல் சாகிறார்கள். என் அண்ணனும் நானும்..." அரசர் பக்கம் திரும்பினார். "எளியவனுக்குத் துணையாக ஓர் ஆள் கூடவே உட்காரட்டும். மன்றத்தை மூட வேண்டாம், அரசே."

சபை அதிர்ந்தது. நீலமேகம் வயதை மறந்து மேல்துண்டைச் சுழற்றினார். அவ்வளவு பெரிய வெற்றியை அவர் எந்த வழக்கிலும் கண்டதில்லை.

அரசர் சிரித்தார். "எத்தனை வருஷம் நீட்டட்டும், அம்மா? ஐந்தா, பத்தா?"

"சண்டை போட எத்தனை வருஷம் கெடு வைத்திருக்கிறீர்கள், அரசே?"

"அதற்கேது கெடு?"

"அப்படியானால் சமாதானத்துக்கும் வேண்டாம்."