செவலையை அக்கரையில் விட்ட கதை

வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவில் ஓர் ஆறு, ஒரு பழைய பாலம். வடகரைப் பக்கம் பாலத்தை ஒட்டிச் சின்னதாய் ஒரு மடம். மடத்துச் சாமிக்கு வயது அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு, இந்த மனுஷர் இன்னும் கொஞ்சம் தூங்கினால் தேவலை என்று தோன்றும். உபதேசம் கேட்டு வருகிறவர்களைச் சாப்பாட்டுக்கு இலை போடச் சொல்வார். போட்டவர்களையே எச்சில் இலை எடுக்கவும் சொல்வார். பாதிப் பேர் அத்தோடு வருவதை நிறுத்திக்கொள்வார்கள்.

நிறுத்தாமல் வந்துகொண்டிருந்தவள் ஆவுடைச்செல்வி. புருஷன் லாரி ஓட்டுகிறவன், வீடு தங்குவது அபூர்வம். வீட்டில் அவளும் மூன்று வயது சங்கரியும்தான். காலையில் மடத்துச் சமையலுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பாள். சாமி ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வாள். சாமி பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அந்த மாசம் அடுத்த தெருப் பையனை நாய் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி ஊசி போட்டார்கள். பையன் தேறிவிட்டான். ஆவுடைக்குத்தான் தூக்கம் போய்விட்டது. சங்கரி வாசலில் விளையாடிவிட்டு வந்தால் போதும், முழங்காலிலிருந்து பாதம் வரை தடவித் தடவிப் பார்ப்பாள். ஒரு கீறல் கண்டுவிட்டால் முள் கீறியதா, நாய் நகம் பட்டதா என்று துளைத்து எடுப்பாள். குழந்தைக்கு எல்லாவற்றுக்கும் "ஆமா" என்ற ஒரே பதில்தான். கடைசியில் பால்வாடிக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டாள்.

பௌர்ணமி அன்னதானம் முடிந்த மறுநாள் சாமியிடம் வந்து நின்றாள்.

"இந்த நாய்கள ஒழிச்சுக்கட்ட ஒரு வழி சொல்லுங்க சாமி."

மதிலுக்குப் பின்னால் எச்சில் இலை மலைபோல் குவிந்து கிடந்தது. சாமி மண்வெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். "அந்த இலைய எல்லாம் குழி தோண்டிப் புதைச்சிரு."

"நான் கேட்டது நாயப் பத்தி."

"தெரியும்மா."

அவள் மதிலைச் சுற்றிக்கொண்டு போனாள். இலைக்குள் தலையை விட்டு ஏழெட்டு நாய்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று நிமிர்ந்து பார்த்து உறுமியது. அவ்வளவுதான், மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஊர்க்கூட்டம் மடத்து வாசலில்தான் கூடியது. கோழிக்கடை மாசானம் தன்னுடைய லோடு ஆட்டோவைத் தருவதாகச் சொன்னான். நாய்களைப் பிடித்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தால் ஒரே நாளில் வேலை முடிந்தது. சாமி மட்டும் வேறு ஒன்று சொன்னார். இலையையும் கோழிக்கழிவையும் முதலில் மூடுவோம், மாட்டு டாக்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றுக்கும் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வோம், நாய் அதது தெருவிலேயே இருக்கட்டும் என்றார்.

"நாயிக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணி, அது கிழடாகிச் சாகுததுக்குள்ள எங்களுக்குக் கருமாதி முடிஞ்சிரும் சாமி" என்றான் மாசானம். கூட்டம் சிரித்தது. ஆவுடையும் சிரித்தாள்.

மற்ற நாய்களை வலை போட்டுப் பிடித்தார்கள். ஆவுடை வீட்டுத் தெருவில் கிடந்த செவலை நாய் மட்டும் ஆண்கள் யார் கையிலும் சிக்கவில்லை. அது அவளிடம்தான் வரும். மழை நேரத்தில் அவள் வீட்டுப் படியில்தான் ஒதுங்கும். சங்கரி வாலைப் பிடித்து இழுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகுமே தவிர ஒன்றும் செய்யாது. என்றாலும் நாய் நாய்தானே. அவள் பிஸ்கட்டைக் காட்டி "வா" என்றாள். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. மாசானம் பின்னாலிருந்து சாக்கைப் போட்டான்.

சாமி மடத்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

சில நாட்கள் ஊர் அமைதியாக இருந்தது. ஆவுடை நன்றாகத் தூங்கினாள். சங்கரி பால்வாடிக்குப் போனாள்.

அப்புறம் வேறு நாய்கள் வந்தன. எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு காலையில் பார்த்தால் இலைக்குவியலிலும் கோழிக்கடைப் பின்புறத்திலும் நின்றன. இவற்றுக்கு யாரையும் தெரியாது. குழந்தை ஓடினால் துரத்தின, சைக்கிள் போனால் பாய்ந்தன. பேர் சொல்லி அதட்டலாம் என்றால் பேரும் கிடையாது. முதல் கடி மாசானத்துக்கே விழுந்தது. ஊசி போட்டுக்கொண்டு வந்து கடைவாசலில் உட்கார்ந்து, எந்த ஊர்ப் பாவிப்பயல் வேலை இது என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டான்.

ஆவுடை மறுபடியும் கதவைச் சாத்தினாள். இந்த முறை சன்னலையும் சாத்தினாள். ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மடத்துக்கு வந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வா, அக்கரைக்குப் போயிட்டு வருவோம்."

தென்கரையில் முதல் தெரு. ஒரு வீட்டு மாடிப்படியில், பாதி உயரத்தில், ஆவுடை வயதுப் பெண் ஒருத்தி கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். ஒரு கையில் விளக்குமாறு. கீழே ஒரு நாய் படுத்திருந்தது. இவர்களைக் கண்டதும் அவள் மேலே நின்றபடியே, பிள்ளையோடு இந்தப் பக்கம் வராதீர்கள், அது ஊருக்குப் புதுசு, ஆளைப் பார்த்தாலே பல்லைக் காட்டுகிறது என்று எச்சரித்தாள்.

நாய் எழுந்தது. இவர்கள் பக்கம் திரும்பியது. உடம்பெல்லாம் ஆட ஓடிவந்து ஆவுடையின் முழங்காலில் தலையை வைத்துத் தேய்த்தது.

செவலைதான். பாதியாய் இளைத்திருந்தது. காதோரம் ஒரு புண்.

"செவல" என்றாள் சங்கரி.

படியில் நின்றவள் மெல்ல இறங்கி வந்தாள். அவள் பெயர் ஜெபக்கனி. "ஒங்களத் தெரியுமாக்கா இதுக்கு?"

ஆவுடை சாமியைப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றாள்.

ஜெபக்கனிக்குச் சந்தேகம் ஒன்றும் தோன்றவில்லை. பேச ஆள் கிடைத்ததே போதும் என்று இருந்தது அவளுக்கு. யாரோ ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வண்டி நாயைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனதைச் சொன்னாள். ஊரில் ஏற்கெனவே நாய், அதோடு இதுவும் சேர்ந்ததும் பொறுக்காமல், தங்கள் ஆட்கள் தங்கள் நாய்களைப் பிடித்து வடகரையில் விட்டுவிட்டதைச் சொன்னாள். புதுசை யாராலும் பிடிக்க முடியவில்லை, பழகினதைத்தான் பிடிக்க முடிந்தது.

"எங்க தெரு நாயி, வெள்ளையும் கறுப்புமா ஒரு பெட்டை, என்கிட்டதான்க்கா வரும். நாந்தான் பிஸ்கட்டு காட்டிக் கூப்பிட்டேன்." குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "இவனுக்குக் காய்ச்ச வந்தாக்கூட வாசல்லயே கெடக்கும். இப்ப எங்க கெடக்கோ."

ஆவுடைக்குத் தெரியும். கோழிக்கடைப் பின்னால் கிடக்கிற அந்தப் பெட்டைதான். மாசானத்தைக் கடித்தது.

திரும்பும்போது செவலை பின்னாலேயே வந்தது. பாலத்தின் நடுவில் ஆவுடை நின்றாள்.

"நான் சாக்குக்குள்ள கூப்பிடும்போது பாத்துக்கிட்டுதான இருந்தீங்க. தடுத்திருக்கலாம்லா சாமி?"

"கூட்டத்துல சொன்னதுக்கு நீயும் சிரிச்சே" என்றார் சாமி. "அந்த இலை எங்க மடத்து இலை. அத மூடாம ஒன்னத் தடுக்க எனக்கு வாய் வரல."

மறுநாள் விடிந்ததும் சாமியே மண்வெட்டியை எடுத்தார். ஆவுடை கூடையை எடுத்தாள். நாய்கள் உறுமின. ஒரு கண்ணை அவற்றின் மேலேயே வைத்துக்கொண்டுதான் அள்ளினாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலுப்பூட்டுகிற வேலை. குழி தோண்டுவது, மூடுவது, அடுத்த பௌர்ணமிக்கு வேறு குழி. கோழிக்கழிவுக்கு மூடி போட்ட தொட்டி வைக்க மாசானத்தை இணங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவனைக் கடித்த பெட்டைக்கு வெறி ஏதும் காண்கிறதா என்று பத்து நாள் யாராவது கண் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். அவனே பார்த்தான், கடைக்குள் இருந்தபடி. அது நன்றாகத்தான் இருந்தது.

டாக்டரின் வண்டி வரும் நாளில் ஜெபக்கனி பாலம் கடந்து வந்து தன் ஊர் நாய்களைக் கூப்பிட்டாள். ஆவுடை அந்தக் கரைக்குப் போய்த் தன் ஊர் நாய்களைக் கூப்பிட்டாள். பிஸ்கட்டைக் கண்டதும் முதலில் எல்லாம் பின்வாங்கின. மண்டிபோட்டு வெகுநேரம் உட்கார வேண்டியிருந்தது. ஊசி, அறுவை, செய்தாயிற்று என்பதற்கு அடையாளமாகக் காதில் ஒரு சின்ன வெட்டு. புண் ஆறியதும் அவரவர் ஊரில், அதது கிடந்த தெருவிலேயே இறக்கிவிட்டார்கள்.

அதற்கும் ஊர் சண்டைக்கு வந்தது. பிடித்த நாயை மெனக்கெட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற கூத்தை எங்கே கண்டோம் என்றார்கள். சாமி அடுத்த குழியைத் தோண்டப் போய்விட்டார். ஆவுடைதான் வாசல் வாசலாகப் போய்ப் பேசினாள். கேட்டவர்கள் கேட்டார்கள். இன்னும் கேட்காதவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த மழைக்குக் குட்டிகள் குறைந்தன. கடி குறைந்தது. நாய் இல்லாமல் போய்விடவில்லை. செவலை பழையபடி படியில் கிடந்தது. சங்கரி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கை கோத்துக்கொண்டு பால்வாடிக்குப் போனாள்.

ஒரு மத்தியானம், இலையைக் குழியில் தள்ளிவிட்டு ஆவுடை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சாமி மண்ணை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் செஞ்சாச்சு சாமி. ஊசி போட்டாச்சு. எந்த நாய் எந்தத் தெருன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆனாலும் சங்கரி திரும்பி வந்து வாசல்ல செருப்பக் கழட்டுத வரைக்கும் எனக்கு மூச்சே வரமாட்டேங்குது. இந்தப் பயம் என்னைக்குத் தொலையும்?"

சாமி மண்வெட்டியை ஊன்றி நின்றார். இரண்டு பேருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"நாய்க்காவது ஒரு அக்கரை இருந்துச்சு" என்றார். "இத எங்க கொண்டுபோயி விடப்போற?"