கப்பலில் வந்த நெருப்பு

"லைகானிடம் என்ன கண்டீர்கள், அம்மா? என்னிடம் என்ன குறை?" என்றான் நிகாண்டர்.

ஆசிரியை ஆர்க்கிப்பே மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கருங்கடல் கரையில் கிரேக்கர்கள் கப்பலில் வந்து குடியேறிய துறைமுக நகரம் மெலாந்தா. ஆண்டுதோறும் குடியேறிய நாளன்று, ஊரைக் கூட்டி நகரத்தின் வரலாற்றை வாசிப்பார்கள். எழுதி வாசிக்கும் பெருமை இந்த முறை லைகானுக்குப் போய்விட்டது. கூடப் படித்தவன்தான். அதனால்தான் நிகாண்டருக்கு வயிறு எரிந்தது. லைகான் நல்லபடியாகத் தூங்கி எழுந்தால்கூட இவனுக்குப் பொறுக்கவில்லை.

"அவன் எழுதியதில் ஒரு பிழை காட்டு. நீயே வாசிக்கலாம்," என்றாள் அவள்.

பொறாமைக்குக் கால் வலிக்காது. மூன்று மாதம் கரையோரக் கிராமம் ஒன்றையும் அவன் விடவில்லை. பல் போன கிழவர்களையெல்லாம் கேட்டுக் குடைந்தான்.

விழாவுக்கு முதல் நாள் மூச்சிரைக்க வந்தான்.

"சிக்கினான், அம்மா!"

"சொல்."

"நம் முன்னோர் தாய்நகரத்துப் புனித அடுப்பின் நெருப்பைச் சட்டியில் எடுத்துக் கப்பல் ஏறினார்கள் என்கிறான். அந்த நெருப்புதான் நம் கோயிலில் எரிகிறது என்கிறான். நடுவில் நடந்ததை அப்படியே விழுங்கிவிட்டான்!"

"என்ன நடந்தது?"

"நடுக்கடலில் நெருப்பு அணைந்துவிட்டது. கரை இறங்கி, இந்த ஊர் மீனவப் பெண் ஒருத்தியிடம் கையேந்தித்தான் நெருப்பு வாங்கியிருக்கிறார்கள்."

"சட்டிக்குக் காவல் இருந்தவர் யார்?"

"யாரோ ஒரு தூங்குமூஞ்சி."

"பெயர்?"

நிகாண்டர் வாயைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"என் தாத்தாவின் தாத்தா."

நெருப்பைக் காத்த குடும்பம் என்றுதான் விழாவில் அவன் வீட்டாருக்கு முதல் வரிசை.

ஆர்க்கிப்பே கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இது லைகானுக்குத் தெரியும். போன வருடமே கண்டுபிடித்துவிட்டான். 'நிகாண்டர் ஊர் நடுவே தலைகுனிய வேண்டாம், அம்மா' என்று அவனாகத்தான் அதை எழுதாமல் விட்டான்."

லைகான் எழுதிய சுருளை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"சொன்னால் சொன்னதுதான். நாளைக்கு நீ வாசி. விட்டதைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உன் பாடு."

நிகாண்டர் சுருளைத் தொடவில்லை. அவன் முகம் கறுத்துப்போயிருந்தது.

"போன வருடமேவா கண்டுபிடித்தான்?" என்றான்.