சுறாவின் எலும்புகள்

எண்பத்தேழில் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் படித்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். முதுகெலும்பிகளின் பரிணாமத்தை ஆராய்கிறோம் என்று தினமும் சுறா அறுத்துக்கொண்டிருந்தோம். எத்தனை தடவை குளித்தாலும் ஃபார்மலின் வாடை போகாது. அந்த வாடையோடுதான் சாப்பிடுவோம், சண்டை போடுவோம்.

ஒருநாள் தாளாளர் அருமைராஜ் ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார். "ரெண்டு வருசமா சுறா அறுக்கிறீங்க. காட்டுறதுக்கு ஒரு எலும்பு உண்டா? வெள்ளிக்கிழமை துணைவேந்தர் வாறார். சுறாவோட எலும்பு அத்தனையும் கண்ணாடிப் பெட்டியில இருக்கணும். இல்லேன்னா இந்த அறை என் ஆபீசுக்கு!"

எங்களில் ஒருத்தியான மணப்பாட்டு மீனவர் மகள் பிரசில்லா, "ஒண்ணு விடாம வச்சிருதோம், சார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பெட்டி பளபளவென்று காலியாக இருந்தது. மேலே ஒரு அட்டை: 'சுறாவின் எலும்புகள். ஒன்றும் விடுபடவில்லை.'

தாளாளர் முகம் சிவந்துவிட்டது. "எலும்பு எங்கம்மா?"

"சுறாவுக்கு எலும்பே கிடையாது, சார். நம்ம காதுமடல் மாதிரி வளையுற குருத்துதான் உடம்பு முழுக்க. நீங்க கேட்டது அத்தனையும் பெட்டியில இருக்கு."

விலங்கியல் படித்தவரான துணைவேந்தர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அறை இவங்ககிட்டயே இருக்கட்டும், அருமைராஜ்."

தாளாளர் காலிப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அப்ப அந்தக் குருத்தையாவது காட்டு, தாயி" என்றார்.

அன்று சாயங்காலம் ஐந்து பேரும் கடற்கரை வரை சிரித்துக்கொண்டே நடந்தோம். அப்படி ஒரு சிரிப்பு அப்புறம் எங்களில் யாருக்கும் வாய்க்கவில்லை.