உறையாத குழாய்

ஊட்டியில் பில்டர் ராஜதுரை கட்டிய குடியிருப்பில், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் பொழியும் ஸ்பிரிங்க்ளர் வைப்பதா வேண்டாமா என்று மறுபடியும் கூட்டம். அங்கே வீட்டுவேலை செய்யும் மாதிக்கு அலுத்துப் போயிருந்தது. போன குளிர்காலத்தில் ஹீட்டரிலிருந்து திரைச்சீலையில் பற்றிய தீ, அதே குடியிருப்பில் அவள் தங்கியிருந்த அறையைச் சாம்பலாக்கியது. மகளை ஜன்னல் வழியாகத்தான் வெளியே இழுத்தாள்.

"மொட்டை மாடி வழியா குழாய் போட்டா பனியில தண்ணி உறைஞ்சிடும்," என்றார் ராஜதுரை. "உறையாம இருக்க ஆன்டிஃப்ரீஸ்னு ஒரு மருந்து கலக்கணும். அது அதிகமானா அதுவே தீயை வளர்க்குமாம். மருந்தும் இல்லாம, உறையவும் உறையாத குழாய் ஒண்ணு இந்த ஊர்ல காட்டுங்க. நாளைக்கே ஸ்பிரிங்க்ளர் வைக்கிறேன்."

மாதி எழுந்தாள்.

"சார், இன்னிக்குக் காலையில குளிச்சீங்களா?"

"இதென்ன கேள்வி? தினமும்தான் குளிக்கிறேன்."

"வெளியே புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடந்துச்சே. உங்க குழாயில என்ன மருந்து ஊத்துனீங்க?"

"அதுக்கு எதுக்கு மருந்து? அது வீட்டுக்குள்ள கதகதப்பா போற குழாய்..." என்றவர் பாதியில் நிறுத்தினார்.

"இதையும் உள்ளேயே கொண்டு போங்க சார். இதுக்கா இத்தனை கூட்டம்?"

"செலவு கூடுமே," என்று முனகினார் ராஜதுரை. கூட்டத்தின் சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. அடுத்த பனிக்காலத்துக்குள் எல்லா வீட்டிலும் ஸ்பிரிங்க்ளர் வந்தது. முதலில் வைத்தது மாதியின் புது அறையில்தான்.