பால் சர்க்கரைக்கு மட்டும் வாசல்

ஆண்டவன் அறிவைப் பந்தி போட்டுப் பரிமாறியபோது மாசானமும் பேச்சிமுத்துவும் தளவாயும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஆண்டவன் கோபிக்கவில்லை. மூவருக்கும் ஓர் ஆய்வகத்தில் எடுபிடி வேலை வாங்கிக் கொடுத்தார்.

அங்கே டாக்டர் இசக்கியம்மாள் ஒரு பாக்டீரியாவின் நொதியை வைத்து, குறைமாதப் பிள்ளைகளுக்காகத் தாய்ப்பாலில் இருப்பது போன்ற சர்க்கரை செய்யப் பார்த்தார். நொதி என்பது சர்க்கரையோடு சர்க்கரையை ஒட்டிவைக்கிற ஒரு துணுக்கு. இந்த நொதிக்கோ விவஸ்தையே கிடையாது. பால் சர்க்கரையோடு ஒட்டு என்றால், கண்ட சர்க்கரையோடும் ஒட்டும்.

மறுநாள் மேலதிகாரி வருகிறார். வேலை சரியில்லை என்றால் ஆய்வகத்துக்குப் பூட்டு.

"நொதியோட வாசலைக் குறுக்கணும்டா," என்று மூவரிடமும் புலம்பினார் டாக்டர் அம்மா. "பால் சர்க்கரையைத் தவிர ஒண்ணும் வாசலைத் தாண்டக் கூடாது. அது உள்ள வந்ததும் இன்னொரு சர்க்கரையை ஒட்டணும். அவ்வளவுதான் வேலை." சொல்லிவிட்டுச் சாமி கும்பிடப் போய்விட்டார்.

"நொதி எங்கடா இருக்கு?" என்றான் மாசானம்.

"குப்பிக்குள்ள."

"குப்பி?"

"ஆய்வகத்துக்குள்ள."

"அப்போ அதோட வாசல் எது?"

மூவரும் ஆய்வக வாசலைப் பார்த்தார்கள்.

கதவைக் கழற்றினார்கள். பால் சர்க்கரை மூட்டை ஒன்றை வாசலில் அளவுக்கு நிறுத்தி, சுற்றிலும் செங்கல் அடுக்கிப் பூசினார்கள். மூட்டையை உருவியதும் நாய் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை.

காலையில் அதிகாரி மண்டியிட்டுத் தலையை நுழைத்தார். தளவாய் உள்ளிருந்து அவர் நெற்றியில் கை வைத்துத் தள்ளினான்.

"சார், நீங்க பால் சர்க்கரையா?"

"நான் அதிகாரிய்யா!"

"அப்போ வரப்படாது."

"டேய், விடுங்கடா, மானம் போகுது!" என்றார் அதிகாரிக்குப் பின்னால் வெளியே நின்ற அம்மா.

"நீங்க சொன்னதுதானேம்மா."

வேறு வழியில்லை. 'பால் சர்க்கரை' என்று அச்சடித்த காலிச் சாக்கு ஒன்று வெளியே கிடந்தது. அதை அதிகாரிக்கு மாட்டிவிட்டார் அம்மா.

"வாங்க, வாங்க!" என்று மூவரும் மரியாதையாக உள்ளே இழுத்துக்கொண்டார்கள். உடனே அவர் வழுக்கையில் பசை தடவி, டீக்கு வைத்திருந்த சீனி டப்பாவை ஒட்டினார்கள்.

"ஐயோ, எடுங்கய்யா!"

"எங்களுக்கு ஒட்டத்தான் தெரியும் சார்," என்றான் பேச்சிமுத்து. "பிரிக்கிறதுக்கு வேற நொதி வேணும். அதை அம்மா செய்ய மூணு வருஷமாவது ஆகும்."

அதிகாரி சாக்குக்குள் உட்கார்ந்தபடியே மூன்று வருடத்துக்கு ஆய்வகத்தை நடத்த ஒரு காகிதத்தில் அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே அம்மா, "முருகா, காப்பாத்திட்ட!" என்று கண்ணை மூடிக் கை நீட்டினார். தளவாய் காகிதத்தை ஓட்டை வழியே கொடுக்கப் போனான். மாசானம் பாய்ந்து பிடுங்கினான்.

"காகிதம் என்னடா, பால் சர்க்கரையா?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். பிறகு காகிதத்தைப் பாலில் ஊறவைத்து, அதிகாரி தலையிலிருந்த டப்பாவில் சீனி எடுத்துப் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து அம்மா கையில் வைத்தார்கள்.

கண்ணைத் திறக்காமலே அம்மா, பிரசாதம் என்று வாயில் போட்டுக்கொண்டார்.