விளையாட்டில் போன நெட்டாறு

மருதங்காட்டு ராஜா செங்கோடருக்குக் கை சும்மா இருக்காது. எந்த ஓலையை நீட்டினாலும் முத்திரை குத்திவிடுவார். ஒருநாள் தாம்பூலத்துக்கு வந்த வெற்றிலையிலும் குத்திவிட்டார். அரசாணையை மெல்லலாமா கூடாதா என்று சபை கூடி ஆராய்ந்தது!

அவருடைய மந்திரி மாதேவன், தூதுக்கலை படிக்க வந்த புது மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு வைத்தான். ஆளுக்கொரு நாட்டின் அரசராக நடித்து, பேசி, உடன்படிக்கை எழுத வேண்டும்.

"நானும் ஆடுவேன்! எனக்குப் பக்கத்து ஆனைக்கல் நாடுதான் வேண்டும். அந்த அரசனுக்குத்தான் பெரிய மீசை" என்றார் ராஜா.

ஒட்டுமீசையோடு வந்து உட்கார்ந்தார். எதிரே மருதங்காட்டு அரசனாக உட்கார்ந்தவன் இளவழுதி. அன்றுதான் சேர்ந்தவன். ராஜாவைப் பார்த்ததுமே எழுந்து கும்பிட்டான்.

"நெட்டாற்றைக் கொடு!"

"உத்தரவு மகாராஜா."

"யானைக் கொட்டில்?"

"தந்தேன் மகாராஜா. மகாராணியின் தாயாரையும் அனுப்பட்டுமா?"

"ஐயோ, அவரை நீயே வைத்துக்கொள்!"

இளவழுதி கண்ணில் கண்டதையெல்லாம் சேர்த்து ஓலை எழுதினான். "ஜெயித்துவிட்டேன்!" என்று துள்ளிய ராஜா, பழக்கதோஷத்தில் தம் சொந்த முத்திரையைக் குத்திவிட்டார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஆனைக்கல்லின் உண்மையான தூதர் ஓலையை லபக்கென்று எடுத்துக்கொண்டார். "மருதங்காட்டு முத்திரை! நெட்டாறு இனி எங்களுடையது."

ராஜாவின் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. ஊருக்கே அந்த ஒரு ஆறுதான். "மாதேவா! ஆறு போனால் உன் தலையும் போகும்!"

மாதேவன் நிதானமாகத் தூதரிடம் வந்தான். "முத்திரை விழுந்தால் விழுந்ததுதான் ஐயா. ஆற்றை வாங்கியவர் யார்? ஓலையை வாசியுங்கள்."

"ஆனைக்கல் அரசர்... இச்சபையில் ஒட்டுமீசையோடு அமர்ந்திருப்பவர்..." தூதர் நிமிர்ந்து ராஜாவின் தொங்கும் மீசையைப் பார்த்தார்.

"ஓலை செல்லும் என்றால் எங்கள் ராஜாதான் உங்கள் அரசரும். கிரீடத்தை எப்போது கொண்டுவருகிறீர்கள்?"

"பிள்ளைகள் விளையாட்டு ஐயா இது!" என்று தூதரே ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றி மாதேவனுக்குப் போட்டார். திடீரென்று முகம் வாடியது. "கிழிக்கவிடாமல் தடுத்திருக்கக் கூடாதா? இரண்டு நாடும் எனக்கே வந்திருக்குமே!"

"வந்திருக்கும் மகாராஜா. அடுத்த ஆட்டத்தில் இரண்டையும் சேர்த்து யாருக்குக் கொடுத்துவிடுவீர்களோ என்றுதான் பயந்தேன்."